குந்தியிருக்க ஒரு இடம்: மட்டக்களப்பின் பொதுவெளிகளைப் பற்றி

ஒருநாள் பின்னேரம் நாங்கள் ஐந்து பேர் வாவிக்கரையில் ஒரு வாங்கில் குந்தியிருந்தோம். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். வந்தாறுமூலையில் விரிவுரை முடிந்து பஸ் ஏறி டவுனுக்கு வந்து, ஆளுக்கொரு கடலைச் சுருளோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு ஒப்படை பற்றியது. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய ஒப்படையில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

காவலுக்கு நிற்கிற ஐயா ஒருவர் வந்தார். "பொடியனும் புள்ளையும் ஒண்டா இரிக்கேலா மனே. எழும்புங்க" என்றார். ஏன் என்று கேட்டோம். "மேல இருந்து அப்படித்தான் சொல்லிரிக்காங்க" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. எங்களோடு சண்டை பிடிக்க அவருக்கு விருப்பமும் இருக்கவில்லை. "எனக்கும் உங்கட வயசில புள்ளைகள் இரிக்கு" என்று மட்டும் சொன்னார்.

எழும்பினோம். எந்த இடம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஆளையோ ஒரு பூங்காவையோ குற்றம் சொல்வதற்கு இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு தேத்தண்ணிக் கடையில் தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. இந்த நகரத்தில் சும்மா இருக்கிற உரிமை யாருக்கு, எப்போதிருந்து இருக்கிறது? யாருக்கு எப்போதுமே இருந்ததில்லை? வரலாற்றுப் பாடத்தில் கோட்டை எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று படித்திருக்கிறோம். வாங்கில் யார் இருந்தார்கள் என்று படிக்கவில்லை. தேடிப் பார்த்ததையும் கதைத்துப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

தேடும்போது முதலில் அகப்பட்டது ஒரு சொல். வாங்கு என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். கதிரையும் அலுமாரியும் அப்படித்தான். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. பார்க் இங்கிலீசுக்காரருடையது. மூன்று பேரும் போய்விட்டார்கள். சொற்களை நாங்கள் வைத்திருக்கிறோம். பொருட்கள் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தனவா என்பதுதான் கேள்வி.

கோட்டையிலிருந்து தொடங்கிய நகரம்

மட்டக்களப்பு என்பது நெடுங்காலம் ஒரு நகரத்தின் பெயராக இருக்கவில்லை, ஒரு பெரிய தேசத்தின் பெயராகவே இருந்தது. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணல் நிலம் எழுவான்கரை, மேற்கே வயலும் காடும் கொண்ட நிலம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. இதைவிட அழகான நில வரைபடம் எந்தத் திட்டமிடல் கந்தோரிலும் இருக்காது.

நகரம் என்று நாங்கள் இன்று சொல்கிற இடம், அந்த வாவிக்குள் கிடக்கிற ஒரு சின்னத் தீவில் தொடங்குகிறது. 1602இல் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடம்தான். 1638 மே 18இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதலாவது கோட்டை இது.

கோட்டையின் அமைப்பைப் பாருங்கள். நான்கு மூலையிலும் கொத்தளம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. ஆட்களை உள்ளே எடுக்கக் கட்டிய இடமில்லை, வெளியே வைக்கக் கட்டிய இடம். அதைச் சுற்றித்தான் நகரம் வளர்ந்தது. 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒரு வருடத்துக்குள் செத்துப்போனார். பள்ளிக்கூடம் இன்றைக்கும் மத்திய கல்லூரியாக இருக்கிறது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி. பிறகு நீதிமன்றம், சிறைச்சாலை, தேவாலயங்கள், வங்கிகள். இங்கிலீசுக்காரர் கோட்டைக்குள்ளேயே கச்சேரியை வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது அங்கேதான் இருந்தது.

அதாவது ஒரு சாதாரண ஆள் புளியந்தீவுக்கு வந்தால் அவருக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். வழக்கு, காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடம், பூசை. வேலை முடிந்தால் போய்விடவேண்டும். காரணமில்லாமல் ஆட்கள் வந்து நிற்கிறதற்கென்று அந்தத் தீவில் ஒதுக்கிய நிலம் மிகக் குறைவு. எங்கட நகரத்தின் அடிப்படைப் பழக்கம் இது என்று நினைக்கிறோம்: "ஏன் வந்தனீங்க?" என்று கேட்கிற நகரம். காவல்கார ஐயா எங்களிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

துறையும் பாலமும்

ஆனால் சனம் கந்தோர்களிடம் இடம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தண்ணீர் சூழ்ந்த ஊரில் ஆட்கள் கூடுகிற இடம் இயல்பாகவே துறை. வள்ளம் வரும்வரைக்கும் எல்லாரும் காத்திருக்கத்தான் வேண்டும். போடியாரும் காத்திருப்பார், அவருடைய வயலில் வெட்டுகிறவரும் காத்திருப்பார். வாகனம் ஏற்றுகிற மிதவைக்கு எங்கட ஆட்கள் வைத்த பெயர் 'பாதை'. தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒன்றுக்குப் பாதை என்று பெயர் வைத்த ஊர் இது.

கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அப்போதைய தேசாதிபதி வில்லியம் மனிங்கின் மனைவியின் பெயரால் லேடி மனிங் பாலம். பெயர் கல்வெட்டிலேயே இருந்துவிட்டது, சனத்துக்கு அது கல்லடிப் பாலம்தான். வாகனங்கள் ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தான் போகலாம். அந்த ஒடுக்கமே அதை ஒரு பொதுவெளியாக ஆக்கியது. ஓரத்தில் தூண்டில் போடுகிறவர்கள், வீச்சுவலைக்காரர், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள், எதிரே வரும் லொறிக்காக நிற்கிற பஸ், அந்த நேரத்தில் யன்னலால் கதைத்துக்கொள்கிற ஆட்கள்.

பாடும்மீன் கதையும் இந்தப் பாலத்தோடு ஒட்டியது. நிலா நாளில் வள்ளத்தில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். எமர்சன் ரெனன்ட் என்ற இங்கிலீசு அதிகாரி 1848இல் இங்கே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, 1859இல் வெளியான தன் நூலில் எழுதினார். மீனவர்கள் அதை மீன் என்று சொல்லவில்லை, ஊரியின் சத்தம் என்று சொன்னார்கள் என்பதும் அந்த நூலில் இருக்கிறது. மீனோ ஊரியோ, ஒரு விசயம் முக்கியம். அதைக் கேட்கவேண்டுமென்றால் இரவில் வாவிக்குப் போகவேண்டும். அங்கே நேரம் எடுத்துச் சத்தம் போடாமல் இருக்கவேண்டும். எங்கட நகரம் தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்கிற அந்த அனுபவத்தை எங்கட வகுப்பில் எத்தனை பெண்கள் அனுபவித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். ஒருத்தரும் இல்லை.

புதிய கல்லடிப் பாலம் யப்பானின் உதவியோடு 2013இல் வந்தது. அடுத்த வருடம் மண்முனைப் பாலம். அதுவரை மண்முனையில் பாதைக்குக் காத்திருந்துதான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகவேண்டும். எங்களில் ஒருத்தனின் ஊர் அந்தப் பக்கம். துறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்ட கதைகளைப் பற்றி அவன் ஆசையாகச் சொல்லத் தொடங்கினான். பிறகு அவனே நிறுத்திக்கொண்டான். "இரவில வயித்துநோ வந்த பொம்பிளையைப் பாதைக்குக் காத்து வெச்சிருந்த கதையும் அந்தத் துறையிலதான் நடந்த" என்றான். ஆகவே நாங்கள் பழசுக்காக அழவில்லை. பாலம் வரத்தான் வேண்டும். துறையில் கூடிய சனம் பிறகு எங்கே கூடும் என்பதையும் பாலத்தோடு சேர்த்து யாராவது யோசித்திருக்கலாம், அவ்வளவுதான்.

களரி: எங்கட பழைய பொதுவெளி

பொதுவெளி என்ற சொல் புதுசு. விசயம் புதுசில்லை. மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்தாடுகிற வட்டக்களரி அதற்கு நல்ல உதாரணம். கோயில் வெளியிலோ ஊர்ப் பொது இடத்திலோ மண்ணைக் கூட்டி வட்டமாகக் களரி கட்டுவார்கள். நாலு பக்கமும் சனம். முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே கிடையாது. விடிய விடிய ஆட்டம். பாய் கொண்டுவந்து பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு இரவு மட்டுமில்லை. சட்டம் கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் பழக்கம். அண்ணாவியாரைச் சுற்றி ஊர் கூடும். சலங்கை கட்டு, அடுக்குப் பார்த்தல் என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு ஊர் நிகழ்ச்சி.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தை எடுத்துச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. மட்டக்களப்பு மாணவராக இருந்த மௌனகுரு அந்த முயற்சியில் ஆடினார், பிறகு அதைத் தொடர்ந்தார். நகரத்துச் சனம் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனால்தான். ஆனால் மேடையில் ஒரு பக்கம் மட்டும்தான் பார்வையாளர். களரியின் வட்டம் போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கியபோது செய்த முக்கியமான வேலை, கூத்தை அந்த ஊர்ச் சனத்தின் களரியிலேயே வைத்து, கதையில் உள்ள பெண், சாதிப் பிரச்சினைகளை ஊரோடு சேர்ந்து கதைத்தது. கலையைப் பற்றிய விவாதமாக மட்டும் இதைப் பார்க்கக்கூடாது. எந்த இடத்தில் யார் யாரைச் சுற்றி இருப்பது என்பதைப் பற்றிய விவாதமும்தான்.

கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்திக் காலம் இன்னொரு உதாரணம். பழைய கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து இழுக்கும். வருடத்தில் ஒருமுறை சண்டையையே ஒரு இடத்துக்கும் ஒரு நேரத்துக்கும் ஒதுக்கி வைத்த ஏற்பாடு.

இதையெல்லாம் பொற்காலமாக்க விருப்பமில்லை. களரியில் ஆடினவர்கள் ஆண்கள். பெண்கள் பார்த்தார்கள். கோயில் வெளியில் எந்தச் சாதி எந்த இடத்தில் நிற்கலாம், யார் பறை அடிக்கவேண்டும், முதல் மரியாதை எந்தக் குடிக்கு என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. வட்டமாக இருந்தாலும் வட்டத்துக்குள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கவில்லை.

ஆனால் ஒரு விசயம் எங்களை யோசிக்கவைத்தது. கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் தாய்வழிக் குடிமுறை இருக்கிறது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். அதனால் ஒரு ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் அக்கா தங்கச்சி வீடுகளாக, பெரியம்மா சின்னம்மா வீடுகளாக இருக்கும். வேலியில் கடப்பு இருக்கும். பின்னேரத்தில் கடப்படியில் நின்று கதைப்பதும் தலைக்குப் பேன் பார்ப்பதும் பாய் இழைப்பதும் அந்த ஒழுங்கையில்தான். நகரத் திட்டக்காரர்களின் படத்தில் ஒழுங்கை வெறும் கோடு. அம்மம்மாமாருக்கு அதுதான் பூங்கா. ஆண்களுக்குச் சந்தியும் மதகும் மைதானமும் இருந்தன. பெண்களுக்கு வளவும் ஒழுங்கையும் கோயிலடியும். வீட்டுக்குச் சொந்தக்காரி பெண், தெருவுக்குச் சொந்தக்காரன் ஆண் என்ற இந்த விசித்திரமான கணக்கு இன்றைக்கும் எங்கட ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறு மணிக்குப் பூட்டிய ஊர்

1990க்குப் பிறகு என்ன நடந்தது என்பதை எங்கட வயதுக்காரர் கேள்விப்பட்டுத்தான் தெரியும். அம்மாமார் இப்போதும் ஆறு மணி ஆனால் கதவைச் சாத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பழகிட்டுது மனே" என்பார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 5இல் எங்கட பல்கலைக்கழக வளவில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் சனம் கொல்லப்பட்டது. இந்த மூன்றையும் ஒரே பந்தியில் எழுதுவது எங்கட பக்கத்தில் எல்லாருக்கும் பிடிக்காது. ஆனால் மூன்றும் ஒரே ஆறு வாரத்துக்குள் நடந்தவை, ஒரே வாவியைச் சுற்றி நடந்தவை. பள்ளிவாசல், அகதி முகாமாக மாறிய கல்விக்கூடம், ஊர் - சனம் பாதுகாப்புக்காகக் கூடிய இடங்களே கொலைக்களமானது. அதற்குப் பிறகு 'கூடாதீங்க' என்று பிள்ளைகளுக்குச் சொன்ன பெற்றோரை எப்படிக் குறை சொல்வது?

வாவி எல்லைக்கோடானது. 2007 வரைக்கும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம், நகரம் அரச படையிடம். வவுணதீவுப் பக்கம் போய்வர இறங்கி, நடந்து, அடையாள அட்டை காட்டவேண்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் சந்தை பிரிந்தது, பஸ் பிரிந்தது, காணி விற்பனைகூடப் பிரிந்தது. எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி காத்தான்குடி. நகரத்திலிருந்து சில கிலோமீற்றர்தான். அவளுடைய உம்மா புளியந்தீவில் ஒரு கடையில் சாமான் வாங்குவா, பஸ் ஏறிப் போய்விடுவா. ஒரு நாளும் எங்கேயும் குந்தியிருந்ததில்லை. எங்களில் மற்றவர்களின் அம்மாமாரும் காத்தான்குடிக்கு உடுப்பு எடுக்கப் போவார்கள். அங்கே ஒரு இடத்தில் குந்தியிருந்து கதைத்ததில்லை. வியாபாரம் திரும்பிவிட்டது, குந்தியிருப்பது இன்னும் திரும்பவில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு அது இன்னும் தள்ளிப்போனது.

இருண்ட காலத்திலும் இடத்தைக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவி ஹரோல்ட் வெபர் ஆயுள் முழுக்க மைதானம் மைதானம் என்று அலைந்தவர். இன்றைக்கு அவருடைய பெயரிலேயே வெபர் மைதானம் இருக்கிறது. அவருடைய சபையைச் சேர்ந்த இயூஜின் ஹேபர்ட் எங்கட ஊர்ப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்தவர் காணாமல் போனார்.

ஒழுங்கை இல்லாத வீடுகள்

2004 டிசெம்பர் 26. நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர். இந்தப் பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு அரசு கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் அறிவித்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு அது தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் திராய்மடுவுக்குக் குடியேற்றப்பட்டுவிட்டன.

வீடு கிடைத்தது, அது சின்ன விசயமில்லை. ஆனால் எண்ணினது வீடுகளை மட்டும். ஒரு ஒழுங்கையில் இருந்த அக்கா தங்கச்சிமார் வேறு வேறு வரிசைகளுக்குப் போனார்கள். கடல் தொழிலாளி கடலிலிருந்து தூரமானார். இன்னொன்று இதைவிட ஆழமானது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் ஆணின் பெயர் விழுந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த சீதன வீட்டைக் கடல் எடுத்தது. புதிய வீட்டின் உறுதி புருசனின் பெயரில் வந்தது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன, கூட்டு உரிமை கேட்டன. கொழும்பில் அச்சடித்த ஒரு கட்டம், கோட்டைகளால் மாற்றமுடியாமல் இருந்த ஒரு வழமையை ஒரு கையெழுத்தில் மாற்றியது. திட்டமிடல் என்றால் பெரிய வரைபடமும் பொறியியலாளரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு படிவத்தின் ஒரு கட்டமும் திட்டமிடல்தான்.

நடந்து எடுத்த இடம்

யுத்தம் முடிந்த பிறகு வாவிக்கரை அழகானது. நடைபாதை, விளக்கு, வாங்கு, புல். காந்தி பூங்கா, கல்லடிக் கடற்கரை. ஞாயிறு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகச் சனம். மாங்காய், வடை, காற்றாடி. இதை நாங்கள் நல்ல மாற்றம் என்றுதான் பார்க்கிறோம். ஆனால் கவனித்தால், குடும்பமாக வந்தால் இருக்கலாம், பொடியன்கள் கூட்டமாக வந்தாலும் இருக்கலாம். தனியாக ஒரு பெண் வந்தால் பார்ப்பார்கள். பொடியனும் பெட்டையும் வந்தால் எழுப்புவார்கள்.

எங்கட ஊரில் மட்டும் இப்படியா? வியன்னா நகரத்தில் 1990களின் நடுவில் பூங்காக்களைப் பற்றி ஒரு ஆய்வு செய்தார்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் பூங்காவிலிருந்து காணாமல் போகிறார்கள் என்று கண்டார்கள். யாரும் விரட்டவில்லை. ஒரே ஒரு பெரிய விளையாட்டு வெளி இருந்தால் அதை ஆண்பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களில் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்து, வழிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து 2011இல் 'வை லொய்ட்டர்?' என்று ஒரு நூல் எழுதினார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வீட்டுக்கு அனுப்பாமல், சும்மா திரிகிற உரிமையைக் கேளுங்கள் என்பதுதான் அந்த நூலின் சாரம். எங்கட ஆறு மணிக் கதவுக்கு அது பொருந்துமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. மும்பையில் ஆறு மணிக்கு வெள்ளை வான் வரவில்லை என்கிறான் ஒருத்தன். வான் போய்ப் பல வருடமாகியும் கதவைத் திறக்காமல் இருப்பது ஏன் என்கிறாள் இன்னொருத்தி.

அந்தச் சண்டைக்கு எங்கட ஊரிலேயே ஒரு பதில் நடந்திருக்கிறது. 2022இல் பாணும் மண்ணெண்ணெயும் மருந்தும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், மட்டக்களப்பில் பெண்கள் முன்னின்று கல்லடிப் பாலத்திலிருந்து காந்தி பூங்கா வரை நாள்தோறும் நடந்தார்கள். கூட்டம் பெரிசில்லை. கத்தவில்லை. பதாகையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பூங்காவில் இருந்து கதைத்தார்கள். தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். இதே பூங்காவில்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் படங்களோடு பல தடவை இருந்திருக்கிறார்கள். பாலமும் பூங்காவும் அரசு கட்டியவை. அவை பொது இடமாக ஆனது அந்தக் கால்களால்.

இனி அந்தக் கோட்டை?

2024இல் மாவட்டச் செயலகம் திராய்மடுவில் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போனது. சுனாமிச் சனத்தை அனுப்பிய இடத்துக்கே கச்சேரியும் போய்ச் சேர்ந்தது ஒரு வேடிக்கைதான். பட்டினத்திலிருந்து ஒரு கையெழுத்துக்காக இன்னொரு பஸ் ஏறவேண்டும் என்று வயசாளிகள் முறைப்படுகிறார்கள். அதுவும் நியாயம். ஆனால் எங்கட கண் கோட்டையில் நிற்கிறது. ஏறத்தாழ 400 வருடத்தில் முதல் தடவையாக அந்த மதிலுக்குள் ஆட்சி செய்கிற கந்தோர் இல்லை.

இனி அது என்ன ஆகும்? டிக்கெற் வாங்கி வெளிநாட்டுக்காரர் பார்க்கிற இடமாக மட்டும் ஆகலாம். ஹோட்டல் ஆகலாம் என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் தீர்மானிக்கிறவர்கள் கேட்பார்களோ இல்லையோ, நாங்கள் கேட்கிறதை எழுதிவைக்கிறோம். பெரிய ஆசை ஒன்றுமில்லை.

மரநிழலில் வாங்குகள் வேண்டும், முதுகு சாய்க்கக்கூடியதாக. பெண்கள் பயப்படாமல் போகக்கூடிய, தண்ணீர் வருகிற கக்கூசு வேண்டும். அது இல்லாமல் எந்தப் பெண்ணும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கமாட்டாள். வாவிப் பக்கம் விளக்கு வேண்டும். எட்டு மணிக்குப் பிறகும் படுவான்கரைக்கும் ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்துக்கும் ஒரு பஸ் வேண்டும். பஸ் இல்லாத ஊர்க்காரிக்குப் பூங்கா இருந்தும் பலனில்லை. ஒரு வெறும் மண் வட்டம் வேண்டும், சீமெந்து பூசாமல், களரி கட்டுகிற அளவுக்கு. கடலை விற்கிற அக்காவை உள்ளே விடவேண்டும். அறிவித்தல் பலகை வைப்பதாக இருந்தால் என்ன விதி, யார் போட்டது என்று அதில் எழுதவேண்டும். எழுதாத விதியால் யாரையும் எழுப்பக்கூடாது.

பட்டியலை எழுதிவிட்டு அம்மம்மா ஒருவரிடம் வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டா. "கச்சேரிக்கு உள்ள நான் மூணு தரம் போயிரிக்கன்" என்றா. "ஒருக்கா காணி அலுவல். ரெண்டு தரம் மாமனைத் தேடி. ஒருக்காவும் இரிக்கச் சொல்லல்ல." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்கு போட்டா சொல்லுங்க, வந்து இரிந்து பாப்பம்" என்றா.

போன கிழமை நாங்கள் ஐந்து பேரும் திரும்ப அதே வாவிக்கரைக்குப் போனோம். அதே ஐயா நின்றார். எங்களைக் கண்டுவிட்டார். இந்த முறை அந்த அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஐயா கிட்ட வந்தார், அம்மம்மாவைப் பார்த்தார், "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டார். கதை தொடங்கியது. அவருடைய தாயும் அம்மம்மாவும் ஒரே குடி என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிசம் எடுக்கவில்லை. எழும்பச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வரமுடியாதே என்று திரும்பி வரும்போது கதைத்துக்கொண்டோம்.